தளர்ந்த போல்ட்டை உடனே இறுக்காதீர்கள்

கப்பலின் மெயின் இன்ஜினை அடித்தளத்தோடு பிடித்து வைக்கும் ஹோல்டிங் டவுன் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க நான் முதலில் எடுப்பது டார்ச்சும் ஒரு பழைய துணியும்தான். நட்டைச் சுற்றியும் பெட்பிளேட்டுக்கு (இன்ஜினின் அடிச்சட்டம்) அடியில் அதைத் தாங்கும் சாக் கட்டைகளின் ஓரங்களையும் சுத்தமாகத் துடைத்துவிடுவேன். கொஞ்ச நாள் ஓடிய பிறகு அதே இடத்தில் குங்குமத்தை எண்ணெயில் குழைத்த மாதிரி செம்பழுப்பாய் ஏதாவது கசிந்திருந்தால், உள்ளே இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம்.

இன்ஜின் நின்றதும் ஸ்டார்ட்டிங் ஏர் வால்வை மூடி, சிலிண்டர்களின் இண்டிகேட்டர் காக்குகளைத் திறந்து, இன்ஜினை மெதுவாகத் திருப்பும் டர்னிங் கியரை மாட்டுங்கள். அப்புறம் சின்னச் சுத்தியல். நட்டு உட்காரும் விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டு பக்கவாட்டில் தட்டுங்கள். இறுகிய நட்டு கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது பொத்தென்று சொல்லும், விரலிலும் அசைவு தெரியும்.

சுத்தியல் சந்தேகத்தை மட்டுமே கிளப்பும். முடிவு சொல்வது, போல்ட்டை எண்ணெய் அழுத்தத்தால் இழுத்து நீட்டும் ஹைட்ராலிக் ஜாக். மரையைத் துடைத்து ஜாக்கை ஏற்றி, காற்றை வெளியேற்றிவிட்டு, அழுத்தத்தை மெதுவாகக் கூட்டிக்கொண்டே டாமி பார் என்ற சின்னக் கம்பியால் நட்டை அசைத்துப் பாருங்கள். எந்த அழுத்தத்தில் நட்டு விடுபடுகிறதோ, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மேனுவலில் உள்ள அளவைவிட நன்றாகக் குறைந்திருந்தால் போல்ட் தளர்ந்துவிட்டது. பம்ப் ஓடும்போது ஜாக்குக்கு நேர் மேலே தலையை நீட்ட வேண்டாம்.

நட்டை முழுக்கக் கழற்றுவதானால், அழுத்தம் ஏற்றுமுன் ஜாக்கை மேனுவல் சொல்லும் அளவு பின்னுக்குத் திருப்பிவிடுங்கள். ஒருமுறை நான் மறந்துவிட்டேன். அழுத்தத்தை இறக்கியதும் நீண்டிருந்த போல்ட் சுருங்கி, ஜாக் இறுகிக்கொண்டது. மறுபடி அழுத்தம் ஏற்றி, நட்டை இறக்கி, முதலிலிருந்து தொடங்கினேன். ஒரு மணி நேரம் போச்சு.

சரி, தளர்ந்திருக்கிறது. இறுக்கலாமா? முதலில் கிராங்க்ஷாஃப்ட் டிஃப்ளெக்ஷன் எடுங்கள், அதாவது கிராங்க்ஷாஃப்ட் எவ்வளவு வளைகிறது என்று அளந்துவிடுங்கள். சாக் தேய்ந்திருந்தால் போல்ட்டை இழுக்க இழுக்க பெட்பிளேட்டே கீழே வளையும். அவசரப்பட்டு பின்பக்கம் மூன்று போல்ட்டுகளை இறுக்கி, கடைசி யூனிட்டின் (சிலிண்டரின்) டிஃப்ளெக்ஷனைக் கெடுத்த கப்பலில் நானும் இருந்திருக்கிறேன். சாக் நன்றாக இருந்தால் மட்டும் மேனுவல் சொல்லும் அழுத்தத்தில் நட்டை இறக்கி, அழுத்தம் இருக்கும்போதே 0.05 மிமீ ஃபீலர் தகடு நட்டுக்கு அடியில் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையக் கூடாது. முடித்ததும் மறுபடி டிஃப்ளெக்ஷன்.

இன்ஜினின் பாகங்களை மேலிருந்து கீழ்வரை சேர்த்துப் பிடிக்கும் நீளக் கம்பிகளான டை ராட் வேலையானால், அவை அதிராமல் பக்கவாட்டில் பிடிக்கும் பிஞ்ச் ஸ்க்ரூக்களை முதலில் தளர்த்த மறக்காதீர்கள். நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி, ஜோடி ஜோடியாக இறுக்கிப் போக வேண்டும்.