தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம்: எல்லையோர ஆசிரியருக்கு இணையத்தில் எடுக்கத் தக்கவை

கேரளத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமும் தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களிலும் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், பஸ்ஸிலும் கடையிலும் மலையாளம். ஆங்கிலம் பாடப் புத்தகத்தில் மட்டும்தான். இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலப் பாடங்கள் இந்தப் பிள்ளையை மனத்தில் வைத்துச் செய்தவை அல்ல. அப்படியே திரையில் ஓட்டினால் வகுப்பு வேடிக்கை பார்க்கும், வாய் திறக்காது. வெட்டி, குறுக்கி, தமிழோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

முதலில் ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய தளம். கதைகள் திறந்த உரிமத்தில் இருப்பதால் அச்சிடலாம், மாற்றி எழுதலாம், காசு கிடையாது. பல கதைகள் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் உண்டு. நமக்கு இது பெரிய வரம். நான்கு நிலைகளில் முதல் நிலையையே எடுங்கள், ஏழாம் வகுப்பாக இருந்தாலும். இரண்டாம் நிலைக் கதை 600 சொல் வரை போகும். ஒரு பீரியடில் முடியாது, மறுநாள் ஆறிப்போகும்.

ஒரு வாரத்துக்கு ஒரு கதை போதும். திங்கள் தமிழில் மட்டும் வாசியுங்கள். செவ்வாய் படங்களைக் காட்டி, தெரிந்த ஆங்கிலச் சொற்களைப் பிள்ளைகளிடமே கேளுங்கள். புதிதாக ஐந்தாறு சொல்லுக்கு மேல் பலகையில் ஏற வேண்டாம். புதன் ஆங்கிலக் கதையை இரண்டு முறை நீங்கள் வாசியுங்கள், பிள்ளைகள் வரியடியில் விரல் ஓட்டட்டும். வியாழன் காகிதத் துண்டு வேலை. வெள்ளி, கதையில் ஒரு வரியை அவர்களே மாற்றி எழுதட்டும்.

வியாழன் வேலையைத்தான் விடவே கூடாது. ‘ரவி மாங்காய் தின்றான்’ என்பதை மூன்று துண்டாக வெட்டி மேசையில் பரப்புங்கள். வினைத் துண்டுக்குச் சிவப்பு மை. ஆங்கிலத்துக்குப் போகும்போது சிவப்புத் துண்டு கடைசியிலிருந்து நடுவுக்கு நகர வேண்டும். பிள்ளையே கையால் நகர்த்தட்டும். அடுத்து ரவியை எடுத்துவிடுங்கள். ‘மாங்காய் தின்றான்’ என்றாலும் தமிழில் வாக்கியம் நிற்கும், ‘ஆன்’ விகுதி ஆளைக் காட்டிவிடுகிறது. மலையாளத்தில் ‘வந்நு’ என்பதில் அந்த விகுதியும் இல்லை, கேட்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறார். இரண்டிலும் பழகிய பிள்ளை ஆங்கிலத்திலும் எழுவாயை விட்டுவிடுவது இதனால்தான். முதல் இடத்தில் ஒரு கட்டம் வரைந்து, அது காலியாக இருந்தால் வாக்கியம் செல்லாது என்று விதி வையுங்கள். திருத்துவதில் பாதி குறையும்.

ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்கும் பழக்கம்தான் பெரிய கேடு. பந்துக்கான ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதினால் ‘பால்’. பிள்ளை அதைக் குடிக்கிற பாலாகவே வாசிக்கும். குத்தும் பின்னும் குப்பை போடும் பின்னும் தமிழில் ஒரே எழுத்து. மலையாளம் படிக்கும் பிள்ளைக்கு இவ்விரு ஒலிக்கும் தனித்தனி எழுத்து தெரியும். அவர்களை அந்த எழுத்துகளால் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், தப்பில்லை. எல்லாருக்கும் ஒரு சோதனை: வாய்க்கு முன் நான்கு விரல் தள்ளி மெல்லிய காகிதத் துண்டைப் பிடிக்கட்டும். குத்தும் பின்னைச் சொன்னால் தாள் படபடக்க வேண்டும், குப்பைத் தொட்டியைச் சொன்னால் அசையக் கூடாது. நம் பகரத்தில் காற்று அவ்வளவாக வெளியேறாததால் முதலில் இரண்டிலும் தாள் சும்மா நிற்கும். சரியான ஒலியைக் கேம்பிரிட்ஜ் இணைய அகராதியின் ஒலிபெருக்கிக் குறியைத் தட்டிக் கேட்கலாம், ஃபோர்வோ தளத்திலும் கேட்கலாம்.

கேட்டல் பயிற்சிக்குச் சிறிய வகுப்புகளுக்குப் பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன் இங்கிலிஷ் கிட்ஸ் தளம். பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்’ ஒன்பது, பத்தாம் வகுப்புக்கே கடினம். ஆசிரியர் தம் காதைத் தீட்டிக்கொள்ள நல்லது. எதுவானாலும் ஒரு தடவைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பேச்சு வேகமாக இருந்தால் யூடியூபில் 0.75 வேகம் வையுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் குறைப்பதானால் ‘டெம்போ’வை மாற்றுங்கள், ‘ஸ்பீடு’ என்பதை மாற்றினால் குரல் தடித்து, கேட்கவே முடியாமல் போகும்.

பாடப் புத்தகத்தை ஒட்டிய பொருள்களுக்குக் கேரள அரசின் கைட் நிறுவனத்தின் சமக்ரா தளமும் விக்டர்ஸ் கல்வி அலைவரிசையும் இருக்கின்றன. மலைப்பக்கம் சிக்னலை நம்பி வகுப்புக்குள் போகாதீர்கள். முந்தைய நாளே இறக்கிப் பென்டிரைவில் போட்டு, பள்ளி மடிக்கணினியில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

கூகுள் மொழிபெயர்ப்பைப் பிள்ளைகள் எப்படியும் திறப்பார்கள். ‘அவர்’ என்பதை அது பல நேரம் ஆணாக்கிவிடும்; தமிழாசிரியை பற்றி எழுதிய வரி ஆண் ஆசிரியரைப் பற்றியதாகிவிடும். அந்தத் தவறைக் கண்டுபிடிப்பதையே ஒரு பயிற்சியாகக் கொடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்பினால், கொழுந்து பறித்துவிட்டு அம்மா லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, திரும்பிய பிறகுதான் போன் பிள்ளை கைக்கு வரும். இரவு ஏழு மணிக்கு மேல், முப்பது வினாடிக் குரல் பதிவாக அனுப்புங்கள். படக்கதையானால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் எழுத்து மங்கிவிடும். முதல் பாடத்துக்கு மஸ்டர், டிவிஷன், ஃபேக்டரி, சூப்பர்வைசர், போனஸ் என்று வீட்டில் புழங்கும் சொற்களையே கேளுங்கள். இருபது சொல்லாவது வரும். எல்லாம் ஆங்கிலம்தான் என்று சொல்லி, மறுநாள் ஆங்கில எழுத்தில் எழுத வையுங்கள்.