மீட் அண்ட் பொட்டேட்டோ பை: வீட்டில் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் வடக்கே போல்டன், விகன், பெரி பக்கம் போனால் பேக்கரிக்குப் பேக்கரி கிடைப்பது மீட் அண்ட் பொட்டேட்டோ பை, அதாவது வெந்த கறியையும் கிழங்கையும் மாவு மூடி போட்டு ஓவனில் சுடும் பண்டம். பஞ்சாலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நிறைந்திருந்த ஊர்கள் இவை. கொஞ்சம் இறைச்சி, நிறைய உருளைக்கிழங்கு, வெங்காயம், உப்பு, மிளகு, மேலே மைதாவும் கொழுப்பும் பிசைந்து தேய்த்த ஒரு மூடி. இவ்வளவுதான் பொருட்கள். மறைத்துக்கொள்ள மசாலா எதுவும் இல்லாததால் எந்தப் படியில் அவசரப்பட்டாலும் அது தட்டில் தெரிந்துவிடும்.

நாலு பேருக்கு அளவு சொல்லிவிடுகிறேன். இறைச்சி அரை கிலோ, உருளைக்கிழங்கு 800 கிராம், பெரிய வெங்காயம் இரண்டு, மைதா 250 கிராம், கொழுப்பு 125 கிராம். இறைச்சியைவிடக் கிழங்கு அதிகமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "விருந்தாளி வருகிறார்களே" என்று கறியைக் கூட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் இது வேறு பதார்த்தமாகிவிடும். கறியின் சாறு முழுக்கக் கிழங்கில் இறங்க வேண்டும். அந்தக் கிழங்குக்காகத்தான் இந்தப் பையையே சாப்பிடுகிறோம்.

அடுத்தது, எந்தக் கறி வாங்குவது என்பது. கொழுப்பில்லாத மென்மையான துண்டாகக் கேட்டு வாங்கினால், வெந்த பிறகு நார் நாராக வறண்டுபோகும். மாட்டிறைச்சி என்றால் கால் கறி அல்லது கழுத்துப் பக்கத்துக் கறி வாங்குங்கள். ஆட்டிறைச்சியிலும் கழுத்து, முன்னங்கால், தோள்பட்டை நன்றாக வரும். இந்தத் துண்டுகளில் வெள்ளையாக ஓடும் ஜவ்வு மெதுவாக வேகும்போது கரைந்து, குழம்புக்கு உதட்டில் ஒட்டும் பதத்தைக் கொடுக்கும். அதற்கு நேரம் வேண்டும். நறுக்கிய வெங்காயத்தோடும் முக்கால் லிட்டர் தண்ணீரோடும் மூடி வைத்து, ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம் சிறு தீயில் வையுங்கள். தளதளவென்று கொதிக்கக் கூடாது. ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி எழும்பினால் போதும். குக்கரில் வைப்பது தவறில்லை, ஆனால் தண்ணீரைக் குறைத்து வையுங்கள். இல்லாவிட்டால் ரசம் மாதிரி நீர்க்க நிற்கும்.

அப்படி நீர்க்க நின்றதும் சோள மாவைக் கரைத்து ஊற்றுகிறார்கள். தேவையே இல்லை. கிழங்கை இரண்டு தவணையாகப் போடுங்கள். மூன்றில் ஒரு பங்கைப் பொடியாக நறுக்கி, கறி பாதி வெந்ததும் சேர்த்துவிட்டால் அது கரைந்து குழம்பைத் தானே கெட்டியாக்கிவிடும். மீதியை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிக் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் போட வேண்டும். கத்தியால் குத்தினால் உள்ளே இறங்க வேண்டும், உடையக் கூடாது. பச்சைக் கிழங்கை அப்படியே மாவு மூடிக்குக் கீழே அடுக்கி ஓவனில் தள்ளினால், மேலே பொன்னிறமாக வந்துவிடும், உள்ளே கிழங்கு கடக்கென்று கடிபடும். கிழங்கு வகையும் முக்கியம். அங்கே மாரிஸ் பைப்பர், கிங் எட்வர்ட் மாதிரி மாவுத்தன்மை உள்ள வகைகளைத்தான் எடுப்பார்கள். மெல்லிய தோலோடு வழவழப்பாக இருக்கும் புதுக் கிழங்கு கரையவே கரையாது.

உப்பையும் மிளகையும் கிழங்கு வெந்த பிறகு ருசி பார்த்துச் சரிசெய்யுங்கள், ஏனென்றால் கிழங்கு உப்பை இழுத்துக்கொள்ளும். மிளகுத்தூளில் கஞ்சத்தனம் வேண்டாம். நம் கை தானாகக் கரம் மசாலா டப்பாவைத் தேடும். முதல் தடவை மட்டுமாவது அதைத் தொடாமல் செய்து பாருங்கள். கறியும் வெங்காயமும் மிளகும் மட்டும் சேர்ந்து தரும் ருசி அத்தனை நிறைவானது.

இனிச் சொல்லப்போவதுதான் எல்லாரும் செய்யும் தவறு: சூடான கலவைமேல் மாவு மூடியைப் போடுவது. மாவுக்குள் இருக்கும் கொழுப்பு சின்னச் சின்னத் துணுக்காகக் கெட்டியாக இருந்தால்தான் ஓவன் சூட்டில் அது உருகி, மூடி பொரபொரவென்று வரும். கீழேயிருந்து ஆவி அடித்தால் ஓவனுக்குப் போகும் முன்பே அது உருகி, மாவு தொய்ந்து நடுவில் குழி விழும். அடிப்பக்கம் கொழகொழவென்று வேகாமல் நிற்கும். ஆகவே கலவை முழுக்க ஆற வேண்டும்.

ஆற வேண்டும் என்றால் ராத்திரி முழுக்க அடுப்பு மேடையிலேயே பாத்திரத்தோடு விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. ஆழமான பாத்திரத்தில் நிறைந்திருக்கும் கறிக்குழம்பு நடுவில் பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமி பெருகுவதற்கு அதைவிட நல்ல இடம் வேண்டாம். கறி கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை உண்டு. யார்க்‌ஷயரில் டென்பி டேல் என்று ஒரு கிராமம். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் நோயிலிருந்து தேறியதைக் கொண்டாட 1788-இல் ராட்சத பை ஒன்றைச் செய்தார்கள். அதன்பிறகு முக்கியமான தருணங்களில் அப்படிச் செய்வது ஊர் வழக்கமாகிவிட்டது. 1887-இல் விக்டோரியா ராணியின் பொன்விழாவுக்குச் செய்த பையை வெட்டித் திறந்ததும் நாற்றம் தாங்க முடியவில்லை. கறி கெட்டுப்போயிருந்தது. சுண்ணாம்பு போட்டு அதைப் புதைத்தார்கள். சில நாட்களில் அந்த ஊர்ப் பெண்கள் மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுப் புதிதாக ஒன்றைச் செய்து ஊர் மானத்தைக் காப்பாற்றினார்கள். அதற்கு 'உயிர்த்தெழுந்த பை' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அதனால் வெந்த கலவையை அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பி, ஃபேனுக்குக் கீழே வையுங்கள். சீக்கிரம் ஆறிவிடும். சூடு தணிந்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள் அது ஃபிரிட்ஜுக்குப் போயிருக்க வேண்டும். சென்னை மாதிரி ஊரில் இன்னும் சீக்கிரம். முதல் நாளே செய்து வைத்தால் மறுநாள் ருசியும் கூடும்.

மாவு விஷயத்துக்கு வருவோம். சப்பாத்திக்குப் பிசையும் பழக்கத்தில் அழுத்தி அழுத்திப் பிசைந்தால் மூடி பலகையாகிவிடும். கொழுப்பு பாதி வெண்ணெய், பாதி பன்றிக் கொழுப்பு என்பது அங்கே வழக்கம். வெண்ணெய் மட்டுமே போட்டாலும் நன்றாக வரும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயைச் சின்னதாக நறுக்கி, உப்பு கலந்த மைதாவில் போட்டு, விரல் நுனியால் மட்டும் தேய்த்துத் தேய்த்து உதிர்க்க வேண்டும். உள்ளங்கைச் சூடு படக் கூடாது. ரவை உப்புமாவுக்கு வறுத்த ரவை போல உதிரியாக வந்ததும், மூன்று நான்கு ஸ்பூன் ஐஸ் தண்ணீர் தெளித்து ஒன்றுசேர்த்தால் போதும். பிறகு அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். அதைத் தவிர்த்தால் ஓவனில் மூடி சுருங்கி, ஓரத்தை விட்டு விலகிவிடும்.

கீழேயும் மாவு வைக்க வேண்டுமா? கையில் பிடித்துச் சாப்பிடக் கடையில் விற்கும் சின்னப் பைக்கு அது வேண்டும். வீட்டில் செய்யும்போது ஆழமான எனாமல் தட்டிலோ மண் பாத்திரத்திலோ கலவையைக் கொட்டி, மேலே மட்டும் மூடுங்கள். ஊறிப்போன அடிமாவு என்ற தொல்லையே இருக்காது. பாத்திரத்தின் விளிம்பை ஈரமாக்கி, முதலில் மாவை நாடா மாதிரி வெட்டி ஒட்டி, அதன்மேல் மூடியை வைத்து அழுத்தினால் பிரிந்து வராது. கலவை நடுவில் கொஞ்சம் மேடாக இருக்கட்டும், பாத்திரம் குறையாக இருந்தால் மூடி உள்ளே விழுந்துவிடும். நடுவில் ஒரு ஓட்டை போட மறக்காதீர்கள். ஆவி அந்த வழியாக வெளியேறாவிட்டால் ஓரத்தைப் பிளந்துகொண்டு குழம்பு வழியும்.

ஓவன் 200 டிகிரிக்கு நன்றாகச் சூடான பிறகே உள்ளே வையுங்கள். இருபது நிமிடம் கழித்து 180-க்குக் குறைத்து இன்னும் இருபத்தைந்து நிமிடம். நிறம் வந்துவிட்டதே என்று எடுத்துவிடாமல் ஓட்டையைப் பாருங்கள். அதன் வழியாகக் குழம்பு குமிழியிட்டு வர வேண்டும், அப்போதுதான் உள்ளே முழுக்கச் சூடேறியிருக்கிறது. பத்து நிமிடம் விட்டு வெட்டுங்கள். பக்கத்தில் வினிகரில் ஊறிய சிவப்பு முட்டைக்கோஸ் அங்கே கட்டாயம் இருக்கும். அது கிடைக்காவிட்டால் வினிகரில் ஊறவைத்த வெங்காயமும் பொருந்தும். மிஞ்சியதை மைக்ரோவேவில் சூடாக்கினால் மூடி ரப்பராகிவிடும், ஓவனிலேயே திரும்பச் சூடாக்குங்கள்.