மாதக் கடைசி நாள் பில்கள் ரிப்போர்ட்டில் வரவில்லையா?

மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் ஜனவரி பில்களை எடுக்க, பிட்வீன் போட்டு '2024-01-01', '2024-01-31' என்று கொடுப்போம். பில் தேதி, நேரத்தையும் சேர்த்துச் சேமிக்கிற டேட்டைம் வகை ஃபீல்டாக இருந்தால் 31ஆம் தேதி பகலில் போட்ட பில் ஒன்றுகூட வராது, ஏனென்றால் நேரம் சொல்லாத தேதியை மைஎஸ்கியூஎல் அன்றைய 00:00:00 என்றே எடுத்துக்கொள்ளும். சரி, 23:59:59 சேர்த்துவிடலாமே என்றால், மைக்ரோசெகண்டு வரை சேமிக்கிற டேபிளில் அந்தக் கடைசி நொடியில் விழுந்த பில் விடுபட்டுவிடும்.

இப்படி எழுதுங்கள்: பில்_தேதி >= '2024-01-01' அண்ட் பில்_தேதி < '2024-02-01'. பிப்ரவரிக்கு 28ஆ 29ஆ என்ற கவலையும் இல்லை.

அப்புறம், ஃபீல்டை மந்த், இயர் ஃபங்ஷனுக்குள் போட்டு வடிகட்டாதீர்கள். விடை சரியாகவே வரும், ஆனால் அந்த ஃபீல்டில் உள்ள சாதாரண இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் வரிசைப் பட்டியல்) வடிகட்டலுக்கு உதவாது. பெரிய டேபிளில் குவெரி இழுத்துக்கொண்டே இருக்கும்.