ரிட்டர்ன் டிக்கெட்டில் ஒரு பக்கத்தை விட்டுவிடலாமா? முதல்முறை பயணிகளுக்குப் படிப்படியான விளக்கம்

போகவர டிக்கெட் எடுத்தாயிற்று. கிளம்பும் நாள் நெருங்கும்போது திட்டம் மாறுகிறது. ரயிலிலோ காரிலோ போய்ச் சேர்ந்துவிட்டு, திரும்பும் விமானத்தில் மட்டும் ஏறிக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. இரண்டு பக்கத்துக்கும் காசு கட்டியிருக்கிறோம், அதில் ஒன்றை நாமே விட்டுக்கொடுக்கிறோம், விமான நிறுவனத்துக்கு இதில் என்ன நஷ்டம்?

நியாயமான கேள்விதான். ஆனால் இப்படி நினைத்துத் திரும்பும் நாளில் பெட்டியோடு கவுன்ட்டருக்குப் போகிறவர்களிடம், "உங்கள் டிக்கெட் ரத்தாகிவிட்டது" என்று சொல்கிறார்கள். அன்றைய விலையில் புது டிக்கெட் வாங்குவதைத் தவிர அந்த நேரத்தில் வேறு வழி இருக்காது. குழந்தைகளோடும் வயதானவர்களோடும் அந்த இடத்தில் மாட்டிக்கொள்வது கொடுமை. கிளம்புவதற்கு முன்பே சில விஷயங்களைச் சரிபார்த்தால் பெரும்பாலும் இதைத் தவிர்த்துவிடலாம்.

படி 1: உங்களிடம் இருப்பது ஒரு டிக்கெட்டா, இரண்டா?

மின்னஞ்சலில் வந்த டிக்கெட்டைத் திறந்து பாருங்கள். அதில் இரண்டு எண்கள் இருக்கும். ஆறு எழுத்துகளோ இலக்கங்களோ கலந்திருப்பது பிஎன்ஆர், அதாவது முன்பதிவு எண். 13 இலக்கங்களில் இருப்பது டிக்கெட் எண். அதன் முதல் மூன்று இலக்கங்கள் எந்த விமான நிறுவனம் என்பதைக் குறிக்கும். நமக்கு முக்கியம் இந்த இரண்டாவது எண்தான்.

ஒரு டிக்கெட்டுக்குள் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு கூப்பன் உண்டு. நேரடி விமானத்தில் போய்த் திரும்பினால் இரண்டு கூப்பன். இரண்டு பக்கமும் ஓரிடத்தில் விமானம் மாறினால் நான்கு. இந்தக் கூப்பன்களை வரிசைப்படிதான் பயன்படுத்த வேண்டும் என்பது பெரும்பாலான பெரிய நிறுவனங்களின் நிபந்தனை.

போவதற்கு ஒரு எண், வருவதற்கு வேறொரு எண் என்று தனித்தனியாக வாங்கியிருந்தால் கவலை இல்லை. ஒன்றை விட்டால் மற்றது பாதிக்காது. ஆனால் ஒரு டிக்கெட் எண்ணுக்குள் நான்கு கூப்பன்கள்தான் அடங்கும். பயணத்தில் அதற்கு மேல் விமானங்கள் இருந்தால், அடுத்தடுத்து வரும் இரண்டு எண்களைக் கொடுப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு இரண்டு தனி டிக்கெட்டுகள் என்று நினைத்துவிடக் கூடாது. அது ஒரே டிக்கெட்டின் தொடர்ச்சி.

படி 2: எந்தப் பகுதியை விடப்போகிறீர்கள்?

எல்லாமே இந்தப் பதிலைப் பொறுத்தது.

முதல் விமானத்தை விட்டால், நீங்கள் வரவில்லை என்று கணினியில் பதிவாகும். இதைத்தான் நோ-ஷோ என்கிறார்கள். அது பதிவானதும் மிச்சமுள்ள விமானங்களில் உங்கள் இருக்கைகள் பெரும்பாலும் தானாகவே ரத்தாகிவிடும். யாரும் உங்களைக் கூப்பிட்டுக் கேட்பதில்லை.

நடுவில் ஒன்றை விட்டாலும் இதே கதைதான். முதல் இரண்டில் பறந்து மூன்றாவதை விட்டால் நான்காவது போய்விடும்.

கடைசி விமானத்தை விட்டால் ரத்து செய்ய எதுவும் மிச்சமில்லை. அதனால் அவசர நிலையில் திரும்பும் பயணம் முழுவதையும் கைவிடுகிறவர்களுக்குப் பொதுவாக ஒன்றும் ஆகாது. ஆனால் இதையே திட்டமிட்டுச் செய்வது வேறு விஷயம். அதைப் படி 6-இல் சொல்கிறேன்.

ரயிலும் விமானமும் சேர்ந்த டிக்கெட்டுகளை விற்கும் நிறுவனங்கள் உண்டு. அங்கே ரயிலும் ஒரு கூப்பன்தான். விமான நிலையத்துக்கு நானே போய்க்கொள்கிறேன் என்று ரயிலை விட்டால், முதல் பகுதியை விட்டதாகவே கணக்காகும்.

படி 3: உங்கள் நிறுவனத்தின் விதியைப் படியுங்கள்

நிறுவனத்தின் இணையதளத்தில் பயண ஒப்பந்த நிபந்தனைகள் என்று ஒரு நீண்ட பக்கம் இருக்கும். முழுவதையும் படிக்க வேண்டாம். கூப்பன் (coupon), சீக்வென்ஸ் (sequence, அதாவது வரிசை), நோ-ஷோ (no-show) ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் தட்டித் தேடுங்கள். வேண்டிய பத்தி வந்துவிடும். உங்கள் டிக்கெட்டுக்கு உரிய கட்டண விதி தனியாக இருக்கும். அதில் நோ-ஷோ கட்டணம் எவ்வளவு, மாற்றம் செய்யலாமா என்பதைப் பாருங்கள்.

இப்படி ஒரு விதி ஏன் வந்தது? பெரிய நிறுவனங்கள் கிலோமீட்டரைக் கணக்கிட்டு விலை வைப்பதில்லை. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அந்தத் தடத்தில் எவ்வளவு போட்டி, எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்றெல்லாம் பார்த்துத்தான் விலை வைக்கின்றன. அதனால் சில தடங்களில் ஒருவழி டிக்கெட்டைவிடப் போகவர டிக்கெட் மலிவாக இருக்கும். விரும்பிய பகுதியை விட்டுவிடலாம் என்று அனுமதித்தால் இந்த விலை ஏற்பாடே நிற்காது. அதைக் காப்பதற்குத்தான் வரிசை விதி.

குறைந்த கட்டண நிறுவனங்கள் பலவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. அவை ஒவ்வொரு பக்கத்தையும் தனி விலையில் விற்கின்றன. ஐரோப்பாவின் ரயன்ஏர், ஈஸிஜெட் போன்றவற்றில் போகும் விமானத்தை விட்டாலும் திரும்பும் விமானத்தில் ஏறலாம். எல்லாக் குறைந்த கட்டண நிறுவனங்களும் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் நிறுவனத்தின் பக்கத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

படி 4: விமானம் கிளம்பும் முன் பேசுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால், இந்தப் படியை வையுங்கள். விமானம் கிளம்புவதற்கு முன் சொன்னால் அது மாற்றக் கோரிக்கை. கிளம்பிய பிறகு சொன்னால் நோ-ஷோ. நிலைமை ஒன்றுதான் என்றாலும் கட்டணம் அடியோடு மாறிவிடும்.

டிக்கெட்டை ஏஜென்ட் வழியாகவோ முன்பதிவு தளத்திலோ வாங்கியிருந்தால் முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள். நேரம் குறைவாக இருந்தால் நேராக விமான நிறுவனத்தையே அழையுங்கள். கேட்க வேண்டியது இப்படி:

"போகும் விமானத்தில் நான் வரமாட்டேன். திரும்பும் விமானத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். முதல் பகுதியை நீக்கி டிக்கெட்டை மாற்றித் தர எவ்வளவு ஆகும்?"

பதில் மூன்று விதமாக வரலாம். சிலர் மாற்றக் கட்டணத்தோடு முடித்துவிடுவார்கள். பெரும்பாலும் திரும்பும் பக்கத்தை ஒருவழிப் பயணமாக வைத்து, இன்றைய விலையில் மறுகணக்குப் போட்டு வித்தியாசத்தைக் கேட்பார்கள். மாற்றவே முடியாத டிக்கெட் என்றால் மறுத்துவிடலாம். அவர்கள் சொல்லும் தொகையை உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். அதே நாளுக்கு வேறு நிறுவனத்தில் ஒருவழி டிக்கெட் என்ன விலை என்று பாருங்கள். சில நேரம் பழையதை விட்டுவிட்டுப் புதியதை வாங்குவதே லாபம்.

மாற்றித் தந்துவிட்டார்கள் என்றால் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. முன்பதிவில் விமானத்தை நீக்குவது வேறு, டிக்கெட்டை மறுபடி வெளியிடுவது வேறு. முதல் வேலை மட்டும் நடந்து இரண்டாவது நடக்காவிட்டால், இணையதளத்தில் பயணம் சரியாகத் தெரியும். செக்-இன் செய்யும்போது மட்டும் தகராறு வரும். அதனால் "டிக்கெட் ரீ-இஷ்யூ ஆகிவிட்டதா, புது எண் என்ன?" என்று கேட்டு, புது எண் உள்ள மின்னஞ்சல் வந்த பிறகே போனை வையுங்கள். பேசியவர் பெயர், பேசிய நேரம், அவர் சொன்ன தொகை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முந்தைய விமானம் தாமதமானதால் அதே டிக்கெட்டில் உள்ள கனெக்டிங் விமானத்தைத் தவறவிட்டால் அது உங்கள் தவறல்ல. நிறுவனமே அடுத்த விமானத்தில் ஏற்றிவிட வேண்டும். ஆனால் காத்திருக்கப் பொறுமையில்லாமல் நீங்களாகவே பஸ் பிடித்துப் போய்விட்டால் திரும்பும் டிக்கெட் ஆபத்தில் இருக்கிறது. கிளம்பும் முன் கவுன்ட்டரில் சொல்லி, முன்பதிவில் குறிப்பு எழுத வையுங்கள்.

படி 5: சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறதா?

சில நாடுகளில் இருக்கிறது. பிரேசிலில் 2017 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள விமானப் போக்குவரத்து ஆணையத்தின் தீர்மானம் 400, உள்நாட்டு விமானங்களுக்குத் தெளிவாகச் சொல்கிறது: போகும் விமானத்தின் நேரத்துக்குள், திரும்பும் பகுதி எனக்கு வேண்டும் என்று பயணி தெரிவித்துவிட்டால், அதை ரத்து செய்யக் கூடாது. ஸ்பெயினின் உச்ச நீதிமன்றம் 2018-இல் அந்நாட்டு விமான நிறுவனமான ஐபீரியாவின் இத்தகைய விதியை முறையற்றது என்று தீர்ப்பளித்தது. ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2010-இலேயே, ஒரு பகுதியை விட்டதற்காக மொத்த டிக்கெட்டையும் செல்லாததாக்குவது அதிகப்படி என்றது. ஆனால் நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் கேட்பதற்கான வழியை அது மூடவில்லை.

உங்கள் பயணம் இந்த நாடுகளைத் தொடுகிறது என்றால் போனில் பேசும்போது இதைச் சொல்லிக் கேளுங்கள். காசு கொடுத்து வாங்கிய இருக்கையை, வருகிறேன் என்று முன்கூட்டியே சொன்ன பிறகும் பறிப்பது சரியல்ல என்பதே என் கருத்தும். பிரேசில் விதி போல் எல்லா நாடுகளிலும் வர வேண்டும்.

படி 6: கடைசிப் பகுதியை வேண்டுமென்றே விட நினைத்தால்

'அ' ஊரிலிருந்து 'ஆ' வழியாக 'இ' ஊருக்குப் போகும் டிக்கெட், 'அ'-விலிருந்து 'ஆ'-வுக்கு மட்டும் போவதைவிட மலிவாக இருக்கலாம். அதை வாங்கி 'ஆ'-விலேயே இறங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். யுனைடெட், டெல்டா, அமெரிக்கன் ஆகிய மூன்று அமெரிக்க நிறுவனங்களும் இதைத் தங்கள் நிபந்தனைகளில் தடை செய்துள்ளன. ஜெர்மனியின் லுஃப்தான்சா நிறுவனம் ஒரு பயணி மீது பெர்லினில் வழக்கே போட்டது. ஆஸ்லோவிலிருந்து ஃபிராங்ஃபர்ட் வழியாக சியாட்டிலுக்குப் போய்த் திரும்பும் டிக்கெட்டில், அவர் கடைசி ஃபிராங்ஃபர்ட்–ஆஸ்லோ விமானத்தை விட்டுவிட்டார். கேட்ட தொகை ஏறக்குறைய 2,112 யூரோ. 2018 டிசம்பரில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

வழக்கு வரைக்கும் போவது அரிது. ஆனால் புதியவர்கள் இதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். செக்-இன் செய்த பெட்டி 'இ'-க்குப் போய்விடும். விமானம் ரத்தாவது போன்ற இடையூறு வந்தால் 'ஆ'-வைத் தொடாமலேயே வேறு வழியாக 'இ'-க்கு அனுப்பிவிடுவார்கள். மறுக்க உங்களிடம் காரணம் இருக்காது. 'இ' வெளிநாடு என்றால் அந்த நாட்டு விசாவைக் காட்டச் சொல்வார்கள். அடிக்கடி செய்தால், பறப்பதற்காக நிறுவனம் உங்கள் கணக்கில் சேர்த்துத் தரும் மைல் புள்ளிகளைப் பறித்துக் கணக்கை மூடவும் நிறுவனத்துக்கு வழி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, போகவர டிக்கெட்டில் போகும்போதே இதைச் செய்தால் திரும்பும் பயணம் மொத்தமும் போய்விடும்.

படி 7: வரிப் பணத்தைக் கேளுங்கள்

ரீஃபண்ட் இல்லாத டிக்கெட் என்றாலும், பறக்காத பகுதிக்கான விமான நிலைய வரிகளும் பயணிக் கட்டணங்களும் பல இடங்களில் திரும்பக் கிடைக்கும். தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். எரிபொருள் கூடுதல் கட்டணம் பெரும்பாலும் இதில் சேராது. டிக்கெட்டில் இன்னும் பறக்க வேண்டிய விமானம் இருக்கும்போது ரீஃபண்ட் கேட்காதீர்கள். ரீஃபண்ட் பதிவானால் அந்தக் கூப்பன்கள் மூடிவிடும். பயணம் முடிந்த பிறகு கேளுங்கள்.

படி 8: அடுத்த முறை வாங்கும்போதே

தேதி உறுதியில்லை என்றால், போகவர விலையோடு இரண்டு ஒருவழி டிக்கெட்டுகளின் கூட்டுத்தொகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் சிறியது என்றால் தனித்தனியாகவே வாங்குங்கள். வெளிநாட்டுப் பயணத்தில் திரும்பும் டிக்கெட்டைக் காட்டச் சொல்லும் நாடுகள் உண்டு என்பதால், இரண்டையும் சேர்த்தே வாங்கி, இரண்டின் பிரதியையும் கையில் வைத்திருங்கள்.