த்ராட்டில் பாடி சுத்தம் செய்வது எப்படி

ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்குகிறதா, சிக்னலில் நின்றதும் இன்ஜின் அணைகிறதா? இன்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம்.

இன்ஜின் நன்றாக ஆறியபின் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாயின் கிளாம்ப்பைத் தளர்த்தி, குழாயை எடுத்தால் வட்டத் தகடு தெரியும். அதன் விளிம்பு உட்சுவரைத் தொடும் இடத்தில் கருப்பு வளையம் போல் பிசுக்கு இருக்கும். வில்லங்கமே அந்த மெல்லிய வளையம்தான். ஐடிலில் காற்று நுழையும் இடுக்கை அது அடைத்துவிடுகிறது.

த்ராட்டில் பாடி கிளீனரையே வாங்குங்கள். கார்புரேட்டர் கிளீனர் சில மாடல்களில் உட்பூச்சை அரித்துவிடும். நேராகப் பீய்ச்சாமல் பஞ்சு விடாத துணியில் தெளித்துத் துடையுங்கள். அதிகம் ஊற்றினால் சென்சார், மோட்டார் பக்கம் இறங்கும். பிடிவாதமான கரிக்குப் பழைய டூத் பிரஷ் போதும். உப்புத்தாள், ஸ்க்ரூடிரைவர் கூடவே கூடாது. மோட்டாரால் திறக்கும் எலக்ட்ரானிக் தகட்டை விரலால் தள்ளித் திறக்காதீர்கள், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடையும். ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுத்துத் திறக்கும் வகையென்றால் பயமில்லை, கையால் திறக்கலாம்.

கிளீனர் உலர்ந்தபின் குழாயை இறுக்கமாக மாட்டுங்கள். இடைவெளி விட்டால் கணக்கில் வராத காற்று புகுந்து ஐடில் கெடும்.

பேட்டரி முனையைத் திரும்ப மாட்டி முதலில் ஸ்டார்ட் செய்ததும் ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) எகிறினால் பதற வேண்டாம். கரி அடைப்புக்கு ஏற்றபடி பழகிய இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), தகட்டை இன்னும் கூடுதலாகத் திறந்து வைத்திருக்கிறது. ஏசி, விளக்குகளை அணைத்துச் சுமார் 10 நிமிடம் ஓடவிடுங்கள். அடங்கவில்லையா? ஸ்கேனரால் ஐடில் ரீலேர்ன், அதாவது இசியு ஐடிலை மறுபடி கற்கும்படி, செய்ய வேண்டியிருக்கும்.