பழைய காருக்குத் தரமான நட்டு, போல்ட்டு தேர்ந்தெடுப்பது எப்படி?

பழைய அம்பாசடரையோ பிரீமியர் பத்மினியையோ புதுப்பிப்பவர்கள் பெயின்டுக்குச் செலவிடும் கவனத்தை நட்டு, போல்ட்டுக்கும் செலவிட வேண்டும். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஸ்டீயரிங்கையும் சஸ்பென்ஷனையும் பிடித்து நிறுத்துபவை இவைதாம்.

முதல் படி: கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அதன் நட்டு, வாஷருடன் தனி உறையில் போட்டு, எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி வையுங்கள். துருப்பிடித்திருந்தாலும் எறிந்துவிடாதீர்கள், புதிது வாங்க அதுவே மாதிரி.

இரண்டாம் படி, மரையைக் கண்டறிவது. பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நேர்கின்றன. ஃபியட் வழிவந்த பத்மினியில் மெட்ரிக் மரை. மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழிவந்த அம்பாசடரில் பெரும்பாலும் யு.என்.எஃப் என்னும் அங்குல மரை. ஆனால் பின்னாளில் வந்த இசுசு எஞ்சின் மெட்ரிக் என்பதால், ஒரே வண்டியில் இரண்டும் கலந்திருக்கக்கூடும். 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ.; எம்8 என்னும் மெட்ரிக் போல்ட்டின் விட்டம் 8 மி.மீ. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, 13 மி.மீ. ஸ்பேனரும் இரண்டின் தலையிலும் உட்கார்ந்துவிடும். ஆகவே போல்ட்டைக் கம்பி பிரஷால் துலக்கி, அளவுகோலை ஒட்டி வைத்து, அரை அங்குல நீளத்துக்குள் எத்தனை மரை என்று எண்ணுங்கள். 12 இருந்தால் 5/16 யு.என்.எஃப், 11 இருந்தால் பழைய ஆங்கிலேய வண்டிகளில் உள்ள பி.எஸ்.எஃப் என்னும் வேறொரு அங்குல மரை, ஏறத்தாழ 10 இருந்தால் எம்8. மரையில் பொருத்திப் பார்க்கும் பல் தகடுகள் கொண்ட மரை கேஜ் ஒன்று வாங்கிக்கொண்டால் ஐயமே எழாது. பொருந்தாத நட்டு ஓரிரு சுற்று ஏறிய பின் இறுகும். அப்போது ஸ்பேனரால் வலிந்து திருப்பினால் இரு பக்க மரையும் சிதைந்துவிடும்.

மூன்றாம் படி, தலையில் உள்ள குறியைப் படிப்பது. மெட்ரிக் போல்ட்டில் 8.8 என்றிருந்தால், அது சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவிசை வலிமை உடையது. அதில் 80 விழுக்காட்டை, அதாவது 640 நியூட்டனை எட்டும்போது, பழைய நீளத்துக்குத் திரும்பாதபடி நீளத் தொடங்கும். அங்குல போல்ட்டில் மூன்று ஆரக்கோடுகள் கிரேடு 5-ஐயும், ஆறு கோடுகள் கிரேடு 8-ஐயும் குறிக்கும். குறியே இல்லாததை நம்பர் பிளேட்டுக்குப் பயன்படுத்தலாம், சஸ்பென்ஷனுக்குக் கூடாது. சேலம் எவர்சில்வருக்குப் பெயர்போன ஊர்தான். எனினும் ஏ2-70 என்று குறியிட்ட சாதாரண எவர்சில்வர் போல்ட்டு சதுர மில்லிமீட்டருக்கு 450 நியூட்டனிலேயே நீளத் தொடங்குவதால், பளபளப்புக்காக அதை ஸ்டீயரிங்கில் மாட்டுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

நான்காம் படி, இடத்துக்கேற்ற வகை. சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள புஷ் என்னும் உருளை உறைக்குள் போல்ட்டின் வழுவழுப்பான தண்டுப் பகுதியே சுமை தாங்க வேண்டும், மரைப் பகுதி அல்ல. ஆகையால் மொத்த நீளத்தோடு தண்டின் நீளத்தையும் அளந்து வாங்குங்கள். நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டை எக்ஸாஸ்ட் அருகே போட்டால் வெப்பத்தில் வளையம் கெடும். அங்கே பித்தளை நட்டே சரி. நட்டு கழலாமல் குறுக்கே செருகி வளைக்கும் ஸ்பிளிட் பின்னை மறுமுறை பயன்படுத்தக் கூடாது. எஞ்சினுக்குள் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் போல்ட்டுகளை ஹார்டுவேர் கடையில் வாங்காமல், அந்த எஞ்சினுக்கென்றே செய்தவற்றைத் தேடி வாங்குங்கள்.

இறுதியாக, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். உலர்ந்த மரைக்குக் குறித்த அளவில் எண்ணெய் தடவிய போல்ட்டை இறுக்கினால், அது தேவைக்கு மேல் இழுபடும். ஓமலூர் சாலை போன்ற சமதளத்தில் சிறிது தூரம் ஓட்டி, எல்லா இறுக்கத்தையும் மீண்டும் சரிபார்த்த பிறகே வண்டியை மலையேற்றுங்கள்.