பழைய மழை, வெயில் டேட்டாவ கட்டம் கட்டமா எடுக்குறது எப்படி

அக்கா மகன் இங்க சிங்கப்பூர் பாலிடெக்னிக் ஒண்ணுல ஃபைனல் இயர் புரொஜெக்ட் செய்றான், போன வாரம் லேப்டாப்ப தூக்கிக்கிட்டு வந்து "மாமா, டிசம்பர் மழை வெறும் 0.01னு காட்டுது, ஃபைல் கெட்டுப்போச்சு"ன்னு நிக்கிறான். ஃபைல்ல ஒரு கோளாறும் இல்ல. அவன் எடுத்தது ஈஆர்ஏ5 (ERA5), பூமிய கட்டம் கட்டமா பிரிச்சு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நம்பர் போட்ட ஐரோப்பிய வானிலை டேட்டா. அதோட மாச சராசரி ஃபைல்ல மழை மீட்டர்ல இருக்கும், அதுவும் ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு. 1000ஆல பெருக்கினா 10 மில்லிமீட்டர், டிசம்பருக்கு 31 நாளு, ஆக 310. வெப்பம் கெல்வின்ல வரும், 273.15 கழிச்சிருங்க.

முதல்ல எந்த டேட்டா வேணும்னு முடிவு பண்ணுங்க. நூறு வருஷத்துக்கு மேல மாச கணக்கு போதும்னா சிஆர்யூ டிஎஸ் (CRU TS), வானிலை ஸ்டேஷன் பதிவுகள வெச்சு செஞ்ச டேட்டா, 1901லேர்ந்து இருக்கு, நிலத்துக்கு மட்டும்தான், கட்டம் அரை டிகிரி. மணிக்கணக்குல வேணும்னா ஈஆர்ஏ5, 1940லேர்ந்து, கால் டிகிரி, அக்கவுண்ட் திறந்தா இலவசம். மழைய மட்டும் நுணுக்கமா பாக்கணும்னா சர்ப்ஸ் (CHIRPS), 0.05 டிகிரி, ஆனா 1981க்கு முன்னாடி கிடையாது. ஃபைல் எல்லாம் பெரும்பாலும் நெட்சிடிஎஃப் (NetCDF)ங்கிற ஃபார்மட்ல வரும், அத திறக்க கோடிங் தெரியாட்டி பனோப்ளி (Panoply)ங்கிற சாஃப்ட்வேர் போதும், பைத்தான் தெரிஞ்சா எக்ஸ்அரே (xarray) லைப்ரரி.

இப்ப முக்கியமான விஷயம். அரை டிகிரின்னா சுமார் 55 கிலோமீட்டர், நம்ம சிங்கப்பூர் கிழக்கு மேற்கா 50தான். அதனால சிஆர்யூல நாடு மொத்தமும் கிட்டத்தட்ட ஒரே கட்டம், அதுலயே மலேசியா பக்கம் இருக்கிற ஜோகூர் பாருவும் வந்துடும், சாங்கி கட்டத்தோட ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். மேற்க ஜூரோங்ல கொட்டோ கொட்டுன்னு கொட்டும்போது கிழக்க பிடோக்ல துணி காயிற ஊரு இது, அத ஒரே நம்பரா போட்டா எப்படி இருக்கும்னு யோசிச்சுக்குங்க. 2014 பிப்ரவரியில சாங்கி ஸ்டேஷன்ல மாசம் முழுக்க 0.2 மில்லிமீட்டர்தான் பதிவாச்சு. உங்க ஃபைல்ல அதே மாசத்த எடுத்து பாருங்க, நம்பர் கூட இருந்தா தப்புன்னு சொல்லிடாதீங்க, கட்டத்தோட சராசரிய ஒரு ஸ்டேஷனோட ஒப்பிடுறீங்க, அவ்வளவுதான். ஆனா வறண்ட மாசமா கூட தெரியலன்னா அந்த டேட்டாவ நம்பி ரிப்போர்ட் எழுதாதீங்க.

சிஆர்யூல பக்கத்துல ஸ்டேஷனே இல்லாத மாசத்துக்கு 1961-90 சராசரிய வெச்சு நிரப்பிருப்பாங்க. கிராஃப்ல வருஷா வருஷம் அச்சு எடுத்த மாதிரி ஒரே நம்பர் வந்தா சந்தேகப்படுங்க, அதே ஃபைல்ல எஸ்டிஎன் (stn)னு ஸ்டேஷன் எண்ணிக்கைய காட்டுற ஒரு வேரியபிள் இருக்கும், அது 0ன்னா அந்த மாசத்துக்கு ஸ்டேஷன் இல்லன்னு அர்த்தம், நான் அத தூக்கிடுவேன்.

ஈஆர்ஏ5ல நேரம் யூடிசி (UTC), அதாவது உலகப் பொது நேரம், நமக்கு 8 மணி நேரம் பின்னாடி. புதன் விடியகாலைல சுமத்ரா பக்கத்துலேர்ந்து வந்து அடிக்கிற காத்து மழை செவ்வாய்க்கிழமை கணக்குல விழுந்துடும், அதனால நாள் கணக்கு கூட்டுறதுக்கு முன்னாடியே நேரத்த மாத்திடுங்க. அப்புறம் அட்சரேகை அதுல வடக்கிலேர்ந்து தெற்கா இறங்கும், சிங்கப்பூருக்கு 1 டிகிரிலேர்ந்து 2ன்னு கேட்டா காலியா வரும், 2லேர்ந்து 1ன்னு கேளுங்க. மருமகன் இதுல மட்டும் ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தான்.